தோளில் வெள்ளை

இரவு ஒன்று நாற்பது.
அலாரம் வைக்கவில்லை, தேவையுமில்லை.
இடது கண்ணுக்குப் பின்னால் ஒருவன்
ராடு வைத்து இழுக்கத் தொடங்குவான்.
தொழில் தெரியாதவன், கை நடுங்குகிறவன்,
ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப உருக்குகிறவன்.

அந்தக் கண் மட்டும் அழும்.
அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகும்.
மறுபாதி முகம்
அடுத்த வீட்டுக்காரனைப் போலச் சும்மா இருக்கும்.

பேட்டையில் கேட்டும் கிரில்லும் அடிக்கிறவன் நான்.
"வெல்டிங் வெளிச்சம்லா ஆசீரு, பின்ன என்ன" என்றார்கள்.
வெளிச்சமென்றால் ரெண்டு கண்ணுக்கும்தானே வரணும்?
கேட்டேன்.
பதிலுக்குக் கண்ணாடி எழுதித் தந்தார்கள்.

ஜங்ஷன் பல் டாக்டர்
மேல்வரிசையில் இரண்டைப் பிடுங்கினார்.
நல்ல பற்கள், கரும்பு கடித்தவை.
வண்ணாரப்பேட்டையில் சைனஸ் என்று கழுவினார்கள்.
ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்து ஒருவர்
"ஒண்ணுமே இல்லையே, சந்தோஷப்படுங்க" என்றார்.
சந்தோஷப்பட்டேன்,
ஒன்று நாற்பது வரைக்கும்.

ஆறு வாரம். பிறகு ஒருநாள் வராது.
கடைசியாகத் தின்ற மாத்திரைக்கோ
கடைசியாகச் செய்த ஜெபத்துக்கோ பெயர் போய்ச் சேரும்.
அடுத்த ஐப்பசியில்
மழைக்கு முன்னால் வந்து நிற்கும்.

இப்படிப் பதினோரு ஐப்பசி.

செல்வபுஷ்பம் எழுதிக்கொண்டு வந்தாள்,
கேஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில்.
1.40 – 2.55. மொட்டை மாடியில் நடை.
1.45 – 2.50. சுவரில் முட்டினார்.
1.40 – 3.05. கதவை உதைத்தார்.
ஒருநாள் நேரம் கூட இல்லை, வெறுமனே 'தாங்கல'.
என்னைப் பற்றியா, தன்னைப் பற்றியா,
இதுவரை நான் கேட்டதில்லை.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு.
நரம்பு டாக்டர் சின்னப் பெண்,
காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத உதடு.
எவ்வளவு வலிக்கும் என்று அவர் கேட்கவில்லை.
"வலிக்கும்போது படுத்துருப்பீங்களா, நடப்பீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் புஷ்பம்
புத்தகத்தைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டாள்.
டாக்டர் வாசித்தார்.
வரிசை நின்றது. பின்னால் யாரோ செருமினார்கள்.
அவர் இன்னொரு தடவை வாசித்தார்.

"கிளஸ்டர் தலைவலி. தமிழ்ல கொத்துத் தலைவலின்னு சொல்லலாம்."
கொத்து என்றால் எனக்குப் புரோட்டாதான்.
சிரித்துவிட்டேன்.
சிரிக்கச் சிரிக்க, அந்தக் கண்ணோடு
இந்தக் கண்ணும் அழுதது.

தினசரி மாத்திரை ஒன்று.
இதயத்துக்கும் கொடுக்கிற மாத்திரையாம்,
ஈசிஜி பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவார்களாம்.
வலி வந்த நிமிடத்தில் ஆக்சிஜன்.

ஆக்சிஜனா?
பட்டறையில் நிற்கிறதே
உச்சி முதல் அடிவரை கறுப்பாக,
சங்கிலி போட்டுச் சுவரில் கட்டி!
பகலில் வந்த நாட்களில்
குளிர்ச்சிக்காக அதன்மேல்
நெற்றியை வைத்து அழுத்தியிருக்கிறேன்.

"அது இரும்புக்கு. அத மோந்துகூடப் பாக்காதீங்க.
உங்களுக்குள்ளது வேற. தோள்ல வெள்ளை அடிச்சிருக்கும்."

வாடகைக் கடைக்காரன் கேட்டான், "யாருக்கு மூச்சு முட்டுது?"
"யாருக்குமில்ல. தலைவலி."
ஏற இறங்கப் பார்த்தான். சீட்டைக் காட்டினேன்.
பதினைந்து லிட்டர் போகிற ரெகுலேட்டர் அவனிடமில்லை.
மதுரையிலிருந்து வரணும். நாலு நாள்.
நாலு ராத்திரி என்று திருத்தினாள் புஷ்பம்.

ஐந்தாவது ராத்திரி.
மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எல்லாம் வெளியே.
பை வைத்த மாஸ்க் முகத்தில்.
நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலில் கையூன்றி
இழுத்தேன், விட்டேன், இழுத்தேன்.
உள்ளே இருந்தவன் கை தளர்ந்து
ராடைக் கீழே வைத்தான்.

1.40 – 1.54.
எழுதி, பேனாவை மூடி, ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு
அவள் படுத்துவிட்டாள்.
எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை,
இரண்டு ஐம்பத்தைந்து வரைக்கும்.